கெக்கூக்குவின் உருக்குத் துண்டு: நாடிழந்த தீவிலிருந்து புறப்பட்ட ஓசை

ஐக்கிய அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் டோவர் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள ஓர்ச்சட் வீதி மயானத்தில் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த ஒருவரின் கல்லறை உண்டு. மாரிகாலத்தில் பனி மூடும் ஊர் அது. அவர் பிறந்ததோ பனியையே காணாத ஒரு பசுபிக் கடற்கரைக் கிராமத்தில். இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஏறத்தாழ 8000 கிலோமீற்றர் தூரம். 1904இல் தன் தீவை விட்டுக் கப்பலேறிய அவர், அதன் பிறகு அங்கே திரும்பவேயில்லை.

அவருடைய பெயர் ஜோசப் கெக்கூக்கு. கிற்றாரை மடியில் படுக்கவைத்து, தந்திகளின் மேல் ஓர் உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை உருவாக்கியவர் என்று உலகம் இன்று ஏற்றுக்கொண்டிருப்பவர். அழுகை போலவும் கடலலை போலவும் இழைந்து வரும் அந்த ஓசையை நாம் எல்லோரும் எங்கோ கேட்டிருக்கிறோம். பழைய திரைப்பாடல்களில், அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில், ஆலய இசையில் என்று அது எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆனால் அது எந்த மண்ணில், எந்தக் காலத்தில் பிறந்தது என்பது அநேகருக்குத் தெரியாது. ஒரு நாடு தன் சுதந்திரத்தை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிறந்த ஓசை அது.

லாஇயே கிராமத்துச் சிறுவன்

கெக்கூக்கு 1874ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி ஒவாஹு தீவின் லாஇயே கிராமத்தில் பிறந்தார். அப்போது ஹவாய் ஒரு சுதந்திர நாடு. அதற்கு அரசர் இருந்தார், அரசியலமைப்பு இருந்தது, வெளிநாடுகளோடு உடன்படிக்கைகள் இருந்தன. லாஇயே 1865 முதல் மோர்மன் திருச்சபையின் காணியாக இருந்தது. கரும்புத் தோட்டமும் தேவாலயமும் கடலும்தான் அந்தக் கிராமத்தின் வாழ்க்கை.

கிற்றார் ஹவாய்க்கு வெளியிலிருந்து வந்த கருவி. 1830களில் தீவுகளில் பெருகிவிட்ட மாடுகளைக் கட்டி மேய்க்க மெக்சிக்கோவிலிருந்து மாட்டுக்காரர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கிற்றாரை ஹவாய் மக்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். தந்திகளைத் தளர்த்தி, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஓர் இனிய சுரக்கூட்டு வரும்படி சுருதி சேர்த்தார்கள். நம்முடைய ஸ்வரங்களில் சொன்னால், ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலிப்பது போன்றது அது. இந்தச் சுருதிமுறை இருந்ததால்தான் கெக்கூக்குவின் கண்டுபிடிப்பு சாத்தியமானது. தட்டையான ஒரு துண்டைத் தந்திகளுக்குக் குறுக்கே வைத்தாலும் இசை குழம்பாமல் அதே கூட்டு வேறு சுருதியில் ஒலிக்கும்.

பாடசாலைப் பட்டறை

ஹொனலுலுவில் ஹவாய் ஆண்பிள்ளைகளுக்காக 1887இல் கமேஹமேஹா பாடசாலை திறக்கப்பட்டது. பிள்ளையில்லாமல் இறந்த இளவரசி பேர்னிஸ் பௌவாஹி பிஷப் தன் காணிகளையெல்லாம் தன் மக்களின் கல்விக்காக எழுதிவைத்ததால் உருவான பாடசாலை அது. தச்சு, கொல்லு முதலான கைத்தொழில்களுக்கு அங்கே முக்கிய இடம் கொடுக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதை எட்டும் பருவத்தில், கெக்கூக்கு அங்கே மாணவராக இருந்தார்.

கண்டுபிடிப்பின் கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. புகையிரதப் பாதையோரம் கிற்றாரோடு நடந்துபோன சிறுவன் கீழே கிடந்த ஓர் இரும்பு ஆணியைக் கையில் எடுத்தான், அது தந்தியில் உரசியபோது ஒரு புது ஓசை எழுந்தது என்பது ஒரு கதை. சட்டைப் பையிலிருந்த சீப்பு தந்திகளின் மேல் விழுந்தது என்பது இன்னொன்று. எது எப்படியிருந்தாலும், அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். தற்செயலாக ஓர் ஓசையைக் கேட்பவர்கள் பலர். அதைத் துரத்திக்கொண்டு போய் ஒரு கருவியாக்குபவர்கள் சிலரே.

சீப்பாலும் பேனாக்கத்தியின் முதுகாலும் வாசித்துப் பார்த்த கெக்கூக்குவுக்கு அவை போதவில்லை. கத்தி மெலிதானது, பாரமில்லாதது. அது தந்தியின் மேல் அமராமல் அதிரும், ஓசை கரகரக்கும். எனவே பாடசாலைப் பட்டறையில் கைக்கு அடங்கும் பாரமான உருக்குத் துண்டு ஒன்றைச் செய்துகொண்டார். பாரமான துண்டு தன் எடையாலேயே தந்திகளின் மேல் சீராக அமரும். விரலால் அமுக்க வேண்டியதில்லை, வழிநடத்தினால் போதும்.

அடுத்த சிக்கல் தந்தி. அன்றைய கிற்றார்களில் விலங்குக் குடல்நரம்புத் தந்திகள்தான் இருந்தன. அவற்றின் மேல் உருக்கை வைத்தால் ஓசை மழுங்கி உடனே செத்துவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு உலோகத் தந்திகளைப் பூட்டினார். ஓசை நீண்டு நின்றது.

மூன்றாவது சிக்கல் உயரம். கிற்றாரின் கழுத்தில், நம் வீணையில் இருப்பதுபோல, மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருக்கும். துண்டை வழுக்கும்போது அது மெட்டுக்களில் இடித்துத் தடதடக்கும். எனவே கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் சிறு கட்டையை உயர்த்தி, தந்திகளை மெட்டுக்களிலிருந்து விலக்கினார். இனி மெட்டுக்கள் விரல் வைக்கும் இடங்கள் அல்ல. கண்ணுக்கு வழிகாட்டும் கோடுகள் மாத்திரமே. சுரம் எங்கே இருக்கிறது என்பதை இனிக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். நம்முடைய கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெட்டில்லாத வீணையில் மரக்கட்டையை வழுக்கி வாசிக்கும் அதே தத்துவம் இது.

துண்டு, தந்தி, உயரம். இந்த மூன்று மாற்றங்களையும் செய்ய அவருக்கு அதிக காலம் எடுத்திருக்காது. ஆனால் அதை வாசிக்கக் கற்றுத்தர உலகில் ஆசிரியர் எவரும் இருக்கவில்லை. புதிய முறையில் தேர்ச்சி பெற ஏழு ஆண்டுகள் எடுத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஏழு ஆண்டுகள்

அந்த ஏழு ஆண்டுகளில் ஹவாய்க்கு என்ன நடந்தது என்பதைப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1893 ஜனவரி 17ஆம் திகதி, கெக்கூக்குவுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, அமெரிக்கக் கரும்பு முதலாளிகளின் நலன்களோடு பிணைந்த ஒரு சிறு குழு அரசி லிலியுவொக்கலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. அதற்கு முதல்நாளே அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160க்கும் மேற்பட்ட படையினர் ஹொனலுலுவில் இறங்கியிருந்தார்கள். மக்களின் இரத்தம் சிந்தப்படுவதைத் தவிர்ப்பதற்காக அரசி எதிர்ப்புத் தெரிவித்தபடியே பணிந்தார். 1895இல் அவர் தன் அரண்மனையிலேயே ஓர் அறைக்குள் சிறைவைக்கப்பட்டார்.

புதிய ஆட்சிக்கு விசுவாசம் தெரிவித்துக் கையெழுத்திடும்படி அரச வாத்தியக் குழுவின் கலைஞர்களிடம் கேட்கப்பட்டது. மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். 1896இல் பாடசாலைகளின் போதனாமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1897இல், அமெரிக்காவோடு இணைக்க வேண்டாம் என்று கேட்டு 21,000க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் மனுவில் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். தீவு தீவாகப் போய்ச் சேகரித்த கையெழுத்துகள் அவை. ஆனாலும் 1898இல் ஹவாய் இணைக்கப்பட்டது.

மனுக்களில் கையெழுத்திட்டுவிட்டுக் காத்திருந்த மக்களைப் பற்றி நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மொழி பின்தள்ளப்பட்டு, கொடி இறக்கப்பட்டு, காணிகள் கைமாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் ஓர் இளைஞன் மடியில் கிற்றாரை வைத்துக்கொண்டு ஒரு புதிய குரலைத் தேடிக்கொண்டிருந்தான்.

கடல் கடந்த வாழ்க்கை

1904இல் கெக்கூக்கு அமெரிக்கப் பெருநிலத்துக்குப் புறப்பட்டார். மேற்குக் கரையிலிருந்து தொடங்கி நகரம் நகரமாக வாசித்தார். 1909இல் சியாற்றில் நகரில் நடந்த பெரும் கண்காட்சியில் ஹவாய் இசை ஒலித்தபோது அவரும் அங்கே இருந்தார். வாசித்த இடங்களில் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1915இல் சன்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்கு ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்தார்கள். அங்கே ஹவாய் மண்டபத்தில் ஒலித்த கிற்றார் இசை அமெரிக்காவையே பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் மிக அதிகமாக விற்றன.

இதில் ஒரு கசப்பும் இருந்தது. 1912இல் நியூயோர்க்கின் புரோட்வேயில் அரங்கேறிய பேர்ட் ஒஃப் பரடைஸ் என்ற நாடகம் ஹவாயை ஒரு கனவுத்தீவாகக் காட்டியது. ஹவாய் இளவரசியாக நடித்தவர் ஒரு வெள்ளைக்கார நடிகை. கதையின் முடிவில் அந்த இளவரசி எரிமலையில் விழுந்து உயிரை விடுகிறாள். உண்மையான அரசி அப்போது ஹொனலுலுவில் முதுமையோடு உயிர்வாழ்ந்துகொண்டிருந்தார். இணைப்பின்போது பறிக்கப்பட்ட முடியரசின் காணிகளுக்காக வழக்குப் பேசி, 1910இல் தோற்றுமிருந்தார். அரங்கிலிருந்த பார்வையாளர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது மலர்மாலையும் நிலவும் அந்தக் கிற்றார் ஓசையும்தான்.

1919இல் அந்த நாடகக் குழுவோடு கெக்கூக்கு ஐரோப்பா சென்றார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பல நாடுகளில் வாசித்தார். தன் நாட்டைத் தவறாகக் காட்டிய ஒரு மேடையில் அந்த நாட்டின் உண்மையான ஓசையாக ஒலித்தது அவருடைய கிற்றார். புலம்பெயர்ந்த கலைஞனுக்கு எப்போதும் கிடைக்கும் மேடை இதுதான் போலும். பிறர் எழுதிய கதைக்குள் தன் குரலை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மீண்டும் அமெரிக்கா வந்து சிகாகோவில் கற்பித்தார். பின்னர் மனைவியோடு டோவரில் குடியேறினார். 1932 ஜனவரி 16ஆம் திகதி, 57ஆவது வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற சிக்கல்

கெக்கூக்கு இறந்த அதே 1932இல் உலகின் முதல் வணிகரீதியான மின்கிற்றார் சந்தைக்கு வந்தது. அலுமினியத்தில் வார்க்கப்பட்டு, பொரிக்கும் சட்டி போன்ற வடிவிலிருந்த அதை உருவாக்கியவர் ஜோர்ஜ் போஷம். அவரும் ஹவாய் பாணியில் வாசித்தவர்தான். அந்தக் கருவியும் நிமிர்த்திப் பிடிக்கும் கிற்றார் அல்ல. மடியில் படுக்கவைத்து உருக்குத் துண்டால் வாசிக்கும் கெக்கூக்குவின் கிற்றார். இன்றைய மின்கிற்றார்களின் குடும்பமரத்தில் அடிவேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் கெக்கூக்குவின் முறையில் ஒரு பிறவிக் குறை இருந்தது. துண்டு நேரானது. அது எல்லாத் தந்திகளையும் ஒரே தூரத்தில்தான் தொடும். வெறும் தந்தியில் ச-க-ப கூட்டு இருந்தால், துண்டை எங்கே நகர்த்தினாலும் அதே ச-க-ப உறவுதான் வேறு சுருதியில் வரும். வேறு கூட்டு வேண்டுமென்றால் துண்டைச் சரித்துப் பிடிக்க வேண்டும், அல்லது பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்ற வேண்டும். சிலர் வேறு வேறு சுருதி சேர்த்த இரண்டு, மூன்று கழுத்துகளை ஒரே கருவியில் வைத்து வாசித்தார்கள்.

இதற்கு விடையாக வந்ததுதான் பெடல். காலால் மிதித்தால் தந்தியின் சுருதி மாறும் பொறிமுறை. 1940ஐ ஒட்டி கிப்சன் நிறுவனம் அப்படி ஒரு கருவியைச் செய்தது. 1948இல் கலிபோர்னியாவில் போல் பிக்ஸ்பி என்ற மோட்டார் சைக்கிள் தொழில்நுட்பக்காரர், ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்காகப் பெடல் வைத்த கிற்றாரைத் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். 1954இல் வெளியான ஒரு நாட்டுப்புறப் பாடலில், பட் ஐசக்ஸ் என்ற கலைஞர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு கூட்டு இன்னொரு கூட்டாகக் காதுக்கு முன்னாலேயே உருகி மாறியது. அதன் பிறகு அமெரிக்க நாட்டுப்புற இசையின் அடையாளமே அந்த ஓசை என்றாகிவிட்டது.

அந்தப் பொறிமுறை எப்படி இயங்குகிறது? கருவி நான்கு கால்களில் மேசைபோல நிற்கும். பெரும்பாலும் பத்துத் தந்திகள். ஒவ்வொரு தந்தியின் வலப்பக்க முனையும் ஒரு சிறு உலோக விரலில் கொளுவப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் கீழே ஒரு குறுக்குத் தண்டு திரும்பும், அதிலுள்ள நெம்புக்கை ஒரு நீண்ட கம்பியை இழுக்கும், கம்பி அந்த உலோக விரலைச் சற்றே சுழற்றும், தந்தி இறுகும். சைக்கிள் பிறேக்கைப் பிடித்தால் கம்பி இழுபட்டுச் சில்லைப் பிடிப்பதுபோலத்தான். ச-க-ப கூட்டில் ஒரு பெடல் க-வை அரைச்சுரம் உயர்த்தி ம ஆக்கும். இன்னொன்று ப-வை முழுச்சுரம் உயர்த்தி த ஆக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-ம-த. கையை அசைக்காமலே வேறொரு கூட்டுக்குப் போய்விடலாம்.

சீர்செய்வதும் சைக்கிள் பிறேக்கைப் போலத்தான். முதலில் பெடலைத் தொடாமல் இடப்பக்க முறுக்காணிகளில் வெறும் தந்திகளுக்குச் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு பெடலை மிதித்துப் பிடித்தபடி, வலப்பக்கத்தில் கம்பிகளின் முனையிலுள்ள நைலோன் நட்டுகளைத் திருகி உயர்ந்த சுரத்தைச் சரிசெய்ய வேண்டும். நட்டு அளவுக்கு மீறி இறுகினால் பெடலை விட்ட பின்பும் உலோக விரல் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது, வெறும் தந்தியே சுருதி கூடி நிற்கும். பிறேக் கட்டை சில்லில் உரசிக்கொண்டேயிருப்பது போல. அளவுக்கு மீறித் தளர்ந்தால் மிதித்தும் சுரம் எட்டாது. கம்பியில் மயிரிழை தளர்வு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருக்கக்கூடாது.

சுருதியை இறக்கும் தந்திகளில் வேறொரு கவனம் தேவை. அங்கே உலோக விரலைப் பழைய இடத்துக்கு இழுத்துவருவது ஒரு ஸ்பிறிங். அது பலவீனமாக இருந்தால் சுரம் வீடு திரும்பாது. எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு தொல்லை இருக்கும். பெடலை மிதிக்கும்போது கருவியின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். அதனால் மிதிக்கப்படாத தந்திகளும் சற்றே சுருதி இறங்கும். அதற்கும் ஈடுகொடுத்துத்தான் கலைஞர் சுருதி சேர்க்கிறார். இத்தனை கம்பிகளும் நட்டுகளும் எதற்காக? கெக்கூக்குவின் நேரான துண்டு தொடமுடியாத ஒரேயொரு சுரத்தைத் தொடுவதற்காக.

யாருடைய ஓசை?

பெடல் கிற்றார் என்றவுடன் இன்று உலகம் நினைப்பது தொப்பியணிந்த அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர்களை. அந்த இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ரொட்ஜர்ஸ் 1929இல் ஜோ கைப்போ என்ற ஹவாய்க் கலைஞரோடு பாடிப் பதிவுசெய்தார் என்பதைச் சொல்லுபவர்கள் குறைவு. ஓசை தங்கியது, ஊரின் பெயர் உதிர்ந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் யார் என்பதிலும் விவாதம் இருந்தது. ஜேம்ஸ் ஹோவா என்ற பெயரும், கேப்ரியல் டேவியன் என்ற பெயரும் சொல்லப்பட்டன. இந்த டேவியன் இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஹவாய் வந்துசேர்ந்தவர் என்று சொல்வார்கள். தந்தியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் மரபு நம் பக்கத்தில் பல நூற்றாண்டுப் பழமையானது என்பதால் இந்தக் கதை நமக்கு இனிக்கும். ஆனால் தற்செயலாக வழுக்கி வாசித்தது வேறு. துண்டையும் தந்தியையும் உயரத்தையும் மாற்றி, ஏழு ஆண்டுகள் உழைத்து, அதை மாணவர்களுக்கும் உலகுக்கும் கையளித்தது வேறு. நமக்கு இனிக்கிறது என்பதற்காக இன்னொரு சிறிய மக்களின் பெருமையை நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது. எடுத்துக்கொள்ளப்படுவதன் வலி தெரிந்தவர்கள் நாங்கள்.

1993இல் அமெரிக்காவின் ஸ்டீல் கிற்றார் கௌரவ மண்டபத்தில் கெக்கூக்குவின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஹவாய் அரசைக் கவிழ்த்ததில் தன் பங்குக்காக அமெரிக்கா ஒரு சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு. அது காணிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் நடந்தது தவறு என்பதைத் தவறு செய்தவனின் கையெழுத்தோடு பதிவுசெய்தது. ஹவாய் மக்கள் அதைப் போதுமென்றும் கொள்ளவில்லை, வேண்டாமென்றும் வீசவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் மொழிக்கும் காணிக்கும் இன்றும் வாதாடுகிறார்கள். வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஹவாய் மொழியில் 1980களிலிருந்து மீண்டும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

லாஇயேயில் இன்று கெக்கூக்குவுக்குச் சிலை இருக்கிறது. அவருடைய உடல் மாத்திரம் டோவரில்தான் இருக்கிறது. ஸ்காபுரோவிலும் பாரிஸிலும் உறவுகளை அடக்கம்செய்துவிட்டு, ஊரிலே படத்துக்கு விளக்கேற்றும் குடும்பங்களுக்கு இந்தத் தூரம் புரியும். அடுத்த முறை எங்காவது ஒரு பாட்டில் அந்த இழையும் ஓசை வந்தால், பனி மூடிய அந்தக் கல்லறையையும், பட்டறையில் உருக்குத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து வயதுப் பையனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.